கம்பெனிக்கு நான் சிங்கிள்

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன பிறகு, மனைவியும் மகளும் வீட்டில் இருக்கும்போதே, நான் பிரம்மச்சாரி என்பது எனக்குத் தெரியவந்தது. சொன்னவர் எங்கள் எச்.ஆர். ஆபீஸ் கிளார்க். சென்னைக்காரர். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் வேலை. சூளையிலிருந்து வெளியே வரும் டைல்ஸின் மூலை நேராக இருக்கிறதா, விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பார்த்து, அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒதுக்கித் தள்ளுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நான் மூன்று பக்கச் சுற்றறிக்கை ஒன்றை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறகு நடந்ததெல்லாம் அந்தச் சோம்பேறித்தனத்தால் வந்ததுதான்.

சுற்றறிக்கை ஒரு ஜனவரியில் வந்தது. தலைப்பு, 'குடும்ப நல உதவித்தொகை'. கம்பெனி தன் ஊழியர்கள் அனைவரையும் ஒரே குடும்பமாகக் கருதுகிறது என்று முதல் வரி. வழக்கமாக இந்த வரி வந்தால் அடுத்த வரியில் எதையாவது வெட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தடவை அதிசயமாக, கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். மனைவி மக்களோடு இந்த நாட்டில் வசிக்கும் ஊழியர்களுக்கு மாதம் ஐம்பது திர்ஹம். எழுத்திலும் எண்ணிலும் போட்டிருந்தார்கள், யாரும் ஐந்நூறு என்று நினைத்துவிடக் கூடாதே.

அந்த ஐம்பதை வாங்க வேண்டுமென்றால் திருமணச் சான்றிதழ் வேண்டும். அது ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்டு, ஊரிலும் டெல்லியிலும் இங்கேயும் முத்திரை குத்தி அட்டெஸ்டேஷன் செய்யப்பட்டு, அரபியில் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். கூடவே வாடகை ஒப்பந்தத்தின் நகல், மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் சமீபத்திய போட்டோ.

என்னிடம் சான்றிதழ் இருந்தது. எல்லா முத்திரையும் விழுந்த சான்றிதழ். அதை வைத்துத்தான் ஆறு வருஷத்துக்கு முன் மனைவிக்கு விசா எடுத்தேன். ஆக, இந்த நாட்டு அரசாங்கம் எங்கள் கல்யாணத்தை நம்பிவிட்டது. கம்பெனிதான் நம்பவில்லை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகப்பட்டது.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவிக்குத் திருநெல்வேலிப் பக்கம்; கேலி பேசுவதற்கென்று அவள் தனியாக நேரம் ஒதுக்குவதில்லை.

"அம்பது திர்ஹத்துக்கு நாம புருஷன் பொண்டாட்டின்னு சத்தியம் பண்ணணுமாக்கும்? முத்திரை குத்த எவ்வளவு ஆகும்?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். முத்திரைகளுக்கு ஆகும் செலவை உதவித்தொகையால் ஈடுகட்ட ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குள் சான்றிதழுக்கு மூன்று தடவை வயதாகிவிடும்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க. நம்ம கல்யாணம் அவ்வளவு சல்லிசு இல்ல" என்றாள்.

மறுநாள் படிவத்தில் அதற்கான கட்டத்தில் 'தேவையில்லை' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதியபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை. ஐம்பது திர்ஹத்தை ஒரு கம்பெனியின் முகத்தில் விட்டெறிகிற வாய்ப்பு எனக்கு அடிக்கடி வருவதில்லை.

மார்ச்சில் அவளுக்கு வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுக்குப் போய், தோள்பட்டை வரை ஏறியது. வாயுவென்று நினைத்து இரண்டு வாரம் ஓமத்தண்ணீரில் ஓட்டினோம். பிறகு ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கற்கள். ஒன்றிரண்டு இல்லை, நிறைய. டாக்டரம்மா ஹைதராபாத்காரர். "அவசரம் இல்லை, ஆனால் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்" என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எங்கள் பங்கைக் கட்டிவிட்டு ரசீதோடு எச்.ஆருக்குப் போனேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இன்ஷூரன்ஸ் போக நம் கையிலிருந்து கட்டும் பங்கு, வருஷத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால், அதற்கு மேல் வருவதைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளும். அந்தத் தொகைக்கு லிமிட் என்று பெயர். எனக்குத் தெரிந்த வரை லிமிட் எண்ணூறு திர்ஹம். போன வருஷம் பேக்கிங் செக்‌ஷன் நண்பருக்கு அப்படித்தான் முடித்துக் கொடுத்தார்கள்.

கிளார்க் திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"சார், உங்க லிமிட் மூவாயிரம்."

"எண்ணூறுதானே?"

"அது ஃபேமிலிக்கு சார். நீங்க சிங்கிள்."

"நான் எப்படிங்க சிங்கிள்? ஆபரேஷனே என் பொண்டாட்டிக்குத்தான்! அவங்க பேரு என் இன்ஷூரன்ஸ்ல இருக்கே?"

"இன்ஷூரன்ஸ்ல நீங்க ஃபேமிலி சார். விசாவுலயும் ஃபேமிலி. வெல்ஃபேர்ல மட்டும் சிங்கிள். லிமிட்டுக்கு வெல்ஃபேரைத்தான் பாப்போம். குடும்ப நல உதவி வாங்கறவங்க ஃபேமிலி, வாங்காதவங்க சிங்கிள். சர்க்குலர்ல மூணாம் பக்கத்துல இருக்கு சார்."

மூன்றாம் பக்கம். நான் 'தேவையில்லை' என்று எழுதிய கட்டம் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருந்தது. அதோடு பேனாவை மூடிவிட்டேன்.

கிளார்க் என் படிவத்தை எடுத்துக் காட்டினார். என் கொட்டை எழுத்து பளிச்சென்று இருந்தது. குடும்பம் என்ற சொல்லுக்கு நேரே, தேவையில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி சோபாவில் சாய்ந்து வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்திருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"நீங்க சிங்கிள்னா அப்போ நான் யாரு?"

"அது வந்து... கம்பெனி ரெக்கார்டுல..."

"ரூம் மேட்டா? வாடகை பங்கு போடணுமா?"

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பேசும் பேச்சுத்தான் வீட்டிலும். "அப்பா, ஆர் யூ ரியலி சிங்கிள்?" என்று கேட்டாள். அவள் தோழி ஒருத்தியின் அம்மா அப்பா பிரிந்திருந்தார்கள்; அதனால் அந்தக் கேள்வியில் கேலி இல்லை. அவளை உட்கார வைத்து, அப்பா அம்மாவை விட்டு எங்கேயும் போகவில்லை, ஒரு படிவத்தில் தப்பாக எழுதிவிட்டேன் என்று விளக்க வேண்டியிருந்தது. "தென் ரப் இட்" என்றாள். அழித்துவிட்டால் தீர்ந்தது. எச்.ஆர். மேனேஜரைவிட அவளுக்கு விஷயம் சுலபமாகப் புரிந்தது.

மேனேஜரை மறுநாள் பார்த்தேன். வெளியே பெஞ்சில் எனக்கு முன்னால் ஒருவர் காத்திருந்தார். சூளைப் பகுதியில் வண்டி தள்ளுகிறவர், அரியலூர் மாவட்டம். பன்னிரண்டு வருஷமாக ஒரே கம்பெனியில் இருந்தும் அவரோடு நான் பேசியதெல்லாம், "இந்த லாட்டைத் தள்ளி வைங்க" என்ற அளவில்தான். ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். ஹெர்னியா. அவருக்கும் ஆபரேஷன் சொல்லியிருந்தார்கள்.

"உங்களுக்கு லிமிட் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"மூவாயிரம் சார்."

எனக்கு ஒரு துணை கிடைத்த சந்தோஷம். "நீங்களும் படிவத்துல வேண்டாம்னு எழுதிட்டீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எங்களுக்கு அந்தப் படிவமே குடுக்கல சார். பொண்டாட்டி இங்க இருந்தாத்தான் ஃபேமிலியாம். எனக்கு ஊர்ல மூணு புள்ளைங்க. மூத்தவ காலேஜ் போறா. ஆனா கம்பெனிக்கு நான் கட்டப் பிரம்மச்சாரி."

அவர் சம்பளத்துக்கு மனைவிக்கு விசா எடுக்க முடியாது. விசா எடுக்க முடியாததால் குடும்ப உதவி கிடையாது. குடும்ப உதவி கிடையாததால், இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகையை அவர் முதலில் கட்ட வேண்டும். குறைந்த சம்பளக்காரருக்கு அதிக லிமிட், அதிகச் சம்பளக்காரருக்குக் குறைந்த லிமிட். சுற்றறிக்கையை எழுதியவர் இதை வேண்டுமென்றே செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் பக்கம் போனதே இல்லை, அவ்வளவுதான். கேம்புக்கு எதிரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த எனக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால் அவரைத் திட்டுகிற யோக்கியதை எனக்குக் கொஞ்சம் குறைவு.

மேனேஜர் இரண்டு நிமிஷம் கொடுத்தார். உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்க ஜனவரியில்தான் முடியும் என்றார். மனைவிக்கு வலி இருக்கிறது, ஜனவரிக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது என்றேன். "ஜனவரி. கலாஸ்" என்று அரபியில் பேச்சை முடித்துவிட்டார். குடும்ப நலம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

வெளியே வந்தபோது கிளார்க் பின்னாலேயே வந்தார்.

"சார், ஒரு வழி இருக்கு. வருஷ நடுவுல குடும்பத்துல ஏதாவது மாறினா அப்ளை பண்ணலாம். கல்யாணம், குழந்தை, விவாகரத்து, இறப்பு. நாலுல ஒண்ணு."

நாலையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். நான்காவது, தள்ளிப்போட்டால் தானாகவே நடந்துவிடும் போலிருந்தது.

"எனக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சே?"

"அதான் சார் பிரச்சனை" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊர்லேர்ந்து புதுசா சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. மத்தத நான் பாக்கறேன்."

என்ன பார்ப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலையே ஊரில் இருக்கும் மைத்துனருக்கு போன் போட்டேன். அவர் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய்ப் புதிய நகல் வாங்கினார். அதை ஏஜென்ட் மூலமாகச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து டெல்லிக்கு அனுப்பினோம். எங்கள் கல்யாணச் சான்றிதழ், கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன ஊர்களைவிட அதிக ஊர் பார்த்தது.

இதற்கெல்லாம் ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் எழுதத் தயக்கமாக இருக்கிறது. மூவாயிரம் திர்ஹம் என்னிடம் இல்லாமல் இல்லை. மகளின் அடுத்த வருஷ ஸ்கூல் ஃபீஸுக்கென்று வைத்திருந்தேன். எடுத்துக் கட்டியிருந்தால் ஆபரேஷன் மறுவாரமே முடிந்திருக்கும். ஆனால் எண்ணூறு என்ற எண் தலைக்குள் போன பிறகு மூவாயிரத்தைக் கட்டக் கை வரவில்லை. மனைவியிடம் கேட்டேன். "பொறுத்துக்கிடுதேன். அவங்களுக்கு ஏன் சும்மா குடுக்கணும்?" என்றாள். அவள் அப்படிச் சொன்னாள் என்பதை அந்த ஆறு வாரமும் எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எண்ணெய் ஆகாது. வீட்டில் வறுவல் நின்றது, தேங்காய் நின்றது. மூன்று பேரும் இட்லி, ரசம், வேகவைத்த காய் என்று நோயாளிகள் ஆனோம். ஒரு சனிக்கிழமை மதியம், சான்றிதழ் டெல்லியில் தூதரக முத்திரைக்காகக் காத்திருந்த சமயம், அவள் சமையலறைத் தரையில் சுருண்டு படுத்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஊசி போட்டு வலியை அடக்கிவிட்டு அதே டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"மார்ச்சிலேயே சொன்னேனே, ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?"

ஒரு முத்திரைக்காகக் காத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? "ஊர்ல இருந்து ஒரு பேப்பர் வரணும் டாக்டர்" என்றேன். ஊரில் வேறு டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் இறுகிவிட்டது.

திரும்பி வரும்போது காரில் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னைக்குப் போயிருந்தா உங்களுக்கு லாபம்தான்" என்றாள். "இறப்புன்னு எழுதிக் குடுத்திருக்கலாம். உடனே லிமிட் குறைஞ்சிருக்கும்."

அதற்கு நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. பேப்பர் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் ஆபரேஷன் என்று சொன்னேன்.

சான்றிதழ் செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கே போட வேண்டிய முத்திரையை ஒரே நாளில் போட்டு, டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து அரபி மொழிபெயர்ப்பு வாங்கிக்கொண்டு வியாழன் காலையில் கிளார்க்கின் மேஜைக்கு முன் நின்றேன். அவர் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த கடைசி முத்திரையின் தேதியைப் பார்த்து, அதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டினார்.

"அது முத்திரை போட்ட தேதிங்க. கல்யாணத் தேதி முன்னாடி இருக்கு."

"கம்ப்யூட்டர் கேக்கறது 'மாற்றம் நடந்த தேதி' சார். டாக்குமெண்ட்ல இருக்கிற கடைசித் தேதியப் போடணும்னு எங்க ரூல். நான் ரூல் படிதான் போடறேன்."

"அப்போ எங்களுக்கு நேத்துதான் கல்யாணம் ஆச்சுன்னு ஆகுமே?"

"ஆமா சார்."

"எனக்கு ஒன்பது வயசுல பொண்ணு இருக்கா."

கிளார்க் கொஞ்சம் யோசித்தார். "அதை சிஸ்டம் கேக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். நான் ஃபேமிலி ஆனேன். லிமிட் எண்ணூறு.

மதியத்துக்குள் மெயில் வந்துவிட்டது. எங்கள் புதிய இல்லற வாழ்வு சிறக்கக் கம்பெனி வாழ்த்துகிறது. மணமகனுக்குச் சம்பளத்தோடு மூன்று நாள் திருமண விடுப்பு. கீழே மேனேஜரின் கையெழுத்து. நான் யாரென்று அவருக்கு அந்த நிமிஷம்வரை ஞாபகம் வந்திருக்காது, அந்த மெயிலை அவர் பார்த்தேகூட இருக்கமாட்டார். அந்த மூன்று நாளையும் நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்மிஷன், பதினொரு மணிக்கு ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததும் மெயிலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்கப் போய்த் தையல் இழுத்து, "வாசிக்காதீங்க, வலிக்கி" என்று என் கையைத் தட்டிவிட்டாள். பக்கத்துப் படுக்கை அம்மா, எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்குக் கல்யாணமாகி என்று கேட்டார். "நாலு நாளு" என்றாள் என் மனைவி.

எண்ணூறு என்று நாங்கள் போட்ட கணக்கும் கடைசியில் சரியாக வரவில்லை. புதிய லிமிட் 'திருமணத் தேதி'யிலிருந்துதான் செல்லும். அதற்கு முன் எடுத்த ஸ்கேன்களும், அந்தச் சனிக்கிழமை ஊசியும் நான் பிரம்மச்சாரியாக இருந்தபோது நடந்தவை; அவை கணக்கில் சேராது. கல்யாணத்துக்கு முன்னால் எதற்கு அந்தப் பெண்ணுக்குச் செலவு செய்தாய் என்று கேட்காமல் விட்டார்கள். முத்திரைச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு மிச்சமானது எழுநூற்றுச் சொச்சம் திர்ஹம். அதற்காக அவள் ஆறு வாரம் வலியோடு இருந்தாள். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கேலி பேசுகிறவள் ஒரு விஷயத்தில் மட்டும் கேலி பேசாமல் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று வீட்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

சூளைக்காரர் இங்கே ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. லீவு போட்டு ஊருக்குப் போனார். அரசாங்கக் காப்பீட்டு அட்டை வாங்கிவிட்டால் செலவே இல்லாமல் முடிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவரைக் கேண்டீனில் பார்த்தேன். நானாகப் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். பிரைவேட்லதான்."

"அட்டை என்னாச்சு?"

"அதுக்கு வருமானச் சான்றிதழ் வேணும்னாங்க. கேக்கப் போனேன். நீ ஃபாரின்ல சம்பாதிக்கிறவன், உனக்கு எதுக்குய்யா ஏழைங்க அட்டைன்னு கேட்டாங்க. சம்பளச் சீட்ட காட்டினேன். நம்பல. இதுல பொண்டாட்டிக்கு மாசாமாசம் அரசாங்கத்துல வர்ற உதவிப் பணத்தையும் சரிபாக்கணும்னு பேச்சு வந்துச்சு. அது போச்சுன்னா வீட்ல மளிகைக்கு ஆவாது. அட்டையே வேணாம் சாமின்னு எழுந்து வந்துட்டேன்."

"எவ்வளவு ஆச்சு?"

"இங்கயே மூவாயிரம் கட்டியிருக்கலாம் சார். அங்க அதுக்கு மேல ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார். "இங்க எனக்குக் குடும்பம் இல்ல. அங்க நான் பணக்காரன்."

அவருக்காக ஒரு மனு எழுதினேன். மனைவி எங்கே இருந்தாலும் மனைவிதான், பிள்ளைகள் ஊரில் இருந்தாலும் பிள்ளைகள்தான், லிமிட்டுக்கு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பக்கத்தில். கேம்பில் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனியின் ஃபேமிலிக்காரர்களில் நான் ஒருவன்தான் போட்டேன். மற்றவர்களுக்கு, இருக்கிற எண்ணூறும் போய்விடுமோ என்று பயம். மனுவைக் கிளார்க் வாங்கி, தேதி முத்திரை குத்தி, உள்ளே கொண்டுபோனார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்து இப்போது ஏழு மாதம் ஆகிறது.

பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சூளையில் வண்டி தள்ளுகிறார். என் சம்பளத்தில் கால்வாசி அவருக்கு வரும். எனக்கு லிமிட் எண்ணூறு. அவருக்கு மூவாயிரம்.